சிரட்டைக்கு வெளியே ஒரு சொட்டு

பனச்சமூட்டில் என் கடை இருக்கும் சாரி தமிழ்நாடு,
எதிர்ச் சாரி கேரளம்.
லாட்டரிச் சீட்டு வேண்டுமென்றால்
ஒரு பஸ் போக வழிவிட்டு, சாலையைக் கடந்தால் போதும்.
மாடியில் நானும் ஒரு கணினியும்.
கீழே மரச்சீனிக் கிழங்கு எடை போடும் சத்தம்.

ரப்பர் நாற்றுப் பண்ணை ராஜையன் வந்து சொன்னார்:
"பக்கத்தைத் திறந்ததும் ஒரு மரம் நிக்கணும்,
வெட்டுச் சாலுல பால் ஒழுகணும்,
சொட்டுச் சொட்டா சிரட்டைல விழணும்.
வேற ஒண்ணும் வேண்டாம்."
முன்பணம் இரண்டாயிரம்.
மிச்சம், பால் விழுந்த பிறகு.

விழுந்தது.
ஆயிரத்து முந்நூற்று அறுபத்தாறு புள்ளி அகலமுள்ள என் திரையில்
மூன்று நொடிக்கு ஒரு சொட்டு,
சிரட்டையின் நட்டநடுவில்.
அந்தச் சந்தோஷத்தில் ஒரு கட்டஞ்சாயா குடித்தேன்.

அன்று ராத்திரியே அழைப்பு.
அவர் போனில் சிரட்டை இடப்பக்கம் ஒதுங்கிவிட்டதாம்.
சொட்டு மட்டும் பழைய இடத்திலேயே விழுந்து
மண்ணுக்குப் போகிறதாம்.
"ஒட்டுப்பால் ஆயிப்போச்சே மோளே,
பாதி வெலகூடக் கிட்டாது."

தோஹாவில் அவர் மைத்துனனின் அகலத் திரையில்
ரப்பர் மரம் பருத்து ஆலமரமாகி
சிரட்டை அண்டாவாகியிருந்தது.
கோட்டயத்து வியாபாரி இன்னும் மாற்றாத பழைய பிரவுசரில்
மரமும் இல்லை, பாலும் இல்லை,
வெள்ளை மட்டும்.
பால் நிரம்பி வழிந்துவிட்டது என்று நினைத்தாராம் அவர்.

மறுநாள் முழுக்க போன் இரந்தேன்.
மீன் வண்டி ஷைஜுவின் விரிசல் விழுந்த போன்,
மருந்துக்கடை ஓமனா மகளின் டேப்லெட்,
கிழங்கு நிறுப்பவரின் உள்ளங்கை அளவுப் பெட்டி.
நிமிர்த்திப் பிடித்தால் மரம் உண்டு, சிரட்டை இல்லை.
சாய்த்துப் பிடித்தால் சிரட்டை உண்டு, மரம் இல்லை.
ஷைஜு போனில் மட்டும் எல்லாம் சரி.
ஆனால் சொட்டு விழுகிற இடத்தில்தான் விரிசல்.

எங்கே பிழை என்று
மூன்றாம் நாள் வழி கேட்டு வந்த ஒரு லாரிக்காரருக்குப்
பதில் சொல்லும்போது தெரிந்தது.
இந்த ஊரில் எல்லைக்கல்லிலிருந்து
யாரும் வழி சொல்வதில்லை.
பள்ளி வளைவிலிருந்து, சந்தை முக்கிலிருந்து,
நெட்டைப் புளியமரத்திலிருந்து சொல்வோம்.
நான் சொட்டைத் திரையின் ஓரத்திலிருந்து அளந்திருந்தேன்.
ஓரம் ஒவ்வொருவருக்கும் ஒவ்வோரிடத்தில்.

அழித்தேன், முதலிலிருந்து எழுதினேன்.
தகரச் சில்லை மரத்தில் அறைந்தேன்.
கம்பியால் சிரட்டையை மரத்தோடு கட்டினேன்.
சொட்டைச் சிரட்டைக்கே சொந்தமாக்கினேன்.
மரத்துக்கு மட்டும் ஒரு கட்டளை:
திரை எவ்வளவோ அதில் பாதி,
பருத்தாலும் மெலிந்தாலும் உன் விகிதம் கெடாதே.
மரம் சுருங்கினால் இனி எல்லாம் சேர்ந்து சுருங்கும்.
கோட்டயத்துக்கு அசையாத ஒரு படம் தனியாக.

மிச்சப் பணம் வரவில்லை.
யார் திரையில் விழுந்தால்
பால் விழுந்ததாகக் கணக்கு என்று
இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

இடையில் அவர் மனைவி ஸ்டெல்லா பாய் கூப்பிட்டார்,
முறையிட அல்ல, சும்மா கேட்க.
அவர் போனில் சொட்டு பாதி வழியில்
அந்தரத்தில் நிற்கிறதாம்.
மறுபடி பிழையா என்று பதறினேன்.
"இல்ல மக்ளே, எனக்குத் தல கறங்கும்.
அதுனால அசையுறதை எல்லாம் போன்ல நிறுத்தி வச்சிருக்கேன்."

அந்த ராத்திரி தூக்கம் போனது
ஒற்றைச் சட்டகத்துக்காக.
ஓடாத படத்தை எங்கே நிறுத்துவது?
சிரட்டை நிறைந்தால் பொய்.
காலியாக இருந்தால் வெட்டியவளுக்குக் கூலி இல்லை.
அந்தரத்தில் விட்டால்
பார்க்கிறவர் கழுத்து வலிக்கும்.

சில்லின் நுனியில் நிறுத்தினேன்,
நீண்டு, கனத்து, இன்னும் பிடி விடாமல்.

"இது விழுமா?" என்றார் ஸ்டெல்லா பாய்.
உங்களுக்கு விழாது என்றேன்.
"அப்போ கொள்ளாம்" என்றார்.
பின்னால் அவர் வீட்டு மிக்ஸி
நின்றிருந்தது.